காதுக்குச் சொட்டு மருந்து: விடுமுன் அறிய வேண்டியவை

பருவமழை பெய்து ஆறுகளும் குளங்களும் நிரம்பும் மாதங்களில், நாட்டின் பல பகுதிகளிலுள்ள சுகாதார நிலையங்களுக்குக் காது வலியோடு வருவோரின் தொகை உயர்வது வழக்கம். ஆற்றில் நீந்தி விளையாடிய சிறுவன் இரண்டொரு நாளில் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். தாய் பூண்டு இட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுகிறாள். வடக்கே கடுகெண்ணெய், தெற்கே நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் என்பதே வேறுபாடு. வலி தணியாவிடில், அடுத்த வீட்டில் எஞ்சியிருக்கும் சொட்டு மருந்துப் புட்டி கைமாறுகிறது. அல்லது காதுக்கு ஏதேனும் ஒரு சொட்டு தருமாறு மருந்துக் கடையில் கேட்டு வாங்கப்படுகிறது. எந்த நோய்க்கு எந்தச் சொட்டு, அதனை விடக்கூடிய நிலையில் காது உள்ளதா என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை.

இக்கேள்விகள் அற்பமானவை அல்ல. புறச்செவி அழற்சிக்கு ஆண்டிபயாடிக் சொட்டு மருந்தே தக்க சிகிச்சை என்பது இன்று ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஆனால் அச்சொட்டுகளுள் சில, செவிப்பறையில் துளை உள்ள காதினுள் சென்றால், கேட்கும் ஆற்றலை மீண்டும் வாராத வகையில் அழித்துவிடக்கூடும். ஒரு காதில் நோயைத் தீர்க்கும் மருந்தே மற்றொரு காதில் செவிட்டுத்தன்மையை உண்டாக்கும் என்பதைக் கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியரும், நாள்தோறும் குழந்தைகளைக் காணும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

காதின் இயற்கைக் காவல்

காது மடலிலிருந்து செவிப்பறை வரை செல்லும் குழல் வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளது, சற்று வளைந்தது. இதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பினால் ஆனது. இங்கு மெல்லிய மயிர்களும் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளும் உள்ளன. உட்புற மூன்றில் இரண்டு பங்கு எலும்பினால் ஆனது. இப்பகுதியில் மிக மெல்லிய தோல் எலும்பின்மீது நேராகவே படிந்துள்ளது. அத்தோல் வீங்கினால் விரிவதற்கு இடமில்லை. புறச்செவி அழற்சியில் வலி கடுமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

குறும்பியை அழுக்கு என எண்ணுவோர் பலர். உண்மையில் அது காதின் காவற்பொருளாகும். எண்ணெய்த் தன்மையுடையதாதலால் நீர் தோலில் ஊறாமல் தடுக்கிறது. சிறிது புளிப்புத் தன்மையுடையதாதலால் கிருமிகள் பெருகுவதையும் கட்டுப்படுத்துகிறது. இதனை வெளியேற்றவும் இயற்கை ஒரு வழியை வகுத்துள்ளது. செவிப்பறையின் மேலுள்ள தோல் நடுவிலிருந்து ஓரத்திற்கும், பின்னர்க் குழலின் வழியே வெளிப்புறத்திற்கும், ஏறக்குறைய விரல் நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறும்பியும் தூசும் அதனுடன் வெளியேறிவிடுகின்றன. ஆகவே நலமான காதிற்குக் குச்சியும் தேவையில்லை. கொண்டை ஊசியும் தேவையில்லை. தில்லி, மும்பாய், கல்கத்தா போன்ற நகரங்களின் தெருக்களில் நெடுங்காலமாகக் காது சுத்தம் செய்வோர் பயன்படுத்திவரும் உலோகக் கம்பியும் தேவையில்லை.

இக்காவல் இருவகையில் குலைகிறது. நெடுநேரம் நீரில் இருப்பதால் தோல் ஊறி மென்மையாகிக் குறும்பி கரைந்து, புளிப்புத் தன்மை நீங்குவது ஒன்று. குச்சி, இறகு, நகம் ஆகியவற்றால் குடைந்து தோலைக் கீறிவிடுவது மற்றொன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த பருவத்தில் இவ்விரண்டும் சேருமாயின் கிருமிகள் எளிதில் குடியேறுகின்றன.

நோயை விளைக்கும் கிருமிகள்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், புறச்செவி அழற்சி பெரும்பாலும் காளானால் வருவது என்றே மருத்துவர்கள் கருதிவந்தனர். வெப்ப நாடுகளில் தங்கியோரைப் பெரிதும் வருத்தியமையால் இதற்குச் ‘சிங்கப்பூர்க் காது’ என்றும் ‘ஹாங்காங் காது’ என்றும் பெயர்கள் வழங்கின. போரின் போது படைவீரர்களின் காதிலிருந்து எடுத்த கசிவை ஆய்வுக் கூடங்களில் வளர்த்துப் பார்த்தபோது, பெரும்பாலும் காணப்பட்டது காளான் அன்று, பாக்டீரியாவே என்பது தெளிவாயிற்று.

அவற்றுள் முதன்மையானது சூடோமோனாஸ் ஏருஜினோசா. நீரிலும் ஈர மண்ணிலும் வாழும் இது, பல மருந்துகளுக்கு எளிதில் பணியாத கிருமி. அடுத்தது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். தோலில் கொப்புளங்களை உண்டாக்குவதும் இதுவே. காளான் நோய் இவற்றை நோக்கக் குறைவு. எனினும் ஈரமான வெப்ப நாடுகளில் அது அரிதன்று. அதனைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

மண்ணிலிருந்து வந்த மருந்துகள்

இக்கிருமிகளை எதிர்க்கும் மருந்துகளுட் பல மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்தே கிடைத்தன. அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மன், ஹூபர்ட் லெஷவாலியே ஆகிய இருவரும் 1949இல் நியோமைசினைக் கண்டறிந்தனர். வாக்ஸ்மன், ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தமைக்காக 1952இல் நோபல் பரிசு பெற்றவர். அதற்குச் சற்று முன்னர், 1947இல், பாலிமிக்சின் என்ற மருந்து வெளிப்பட்டது. நியோமைசின் ஸ்டஃபிலோகாக்கஸை அடக்குகிறது. சூடோமோனாஸை அடக்கப் பாலிமிக்சின் உதவுகிறது. ஆகவே இவ்விரண்டையும், வீக்கத்தைத் தணிக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனையும் சேர்த்துச் செய்த சொட்டு மருந்து உலகெங்கும் பரவியது. 1963இல் ஜென்டாமைசின் அறிவிக்கப்பட்டது. அது சூடோமோனாஸையும் எதிர்க்க வல்லது.

1947இல் வெனிசூலா நாட்டு மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரிக்கப்பட்ட குளோராம்ஃபெனிக்காலும் காதுச் சொட்டாக நம் நாட்டில் பெரிதும் பழக்கத்தில் உள்ளது. ஆனால் புறச்செவி அழற்சியின் முதன்மைக் கிருமியான சூடோமோனாஸ் இதற்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. பெயர் பெற்ற மருந்தாயினும் எல்லாக் காது நோய்க்கும் உரியதாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பின்னர் வந்தவை ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் முதலியன. இவை நுண்ணுயிரிடமிருந்து பெறப்பட்டவை அல்ல. வேதியியல் முறையில் உருவாக்கப்பட்டவை. சூடோமோனாஸையும் ஸ்டஃபிலோகாக்கஸையும் இவை எதிர்க்கின்றன. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆஃப்லாக்சசின் காதுச் சொட்டு, செவிப்பறையில் துளையுள்ள காதிலும் பயன்படுத்தத் தக்கதென ஏற்கப்பட்டது. இவ்வேறுபாட்டின் சிறப்பு அடுத்து வரும் பகுதிகளில் விளங்கும்.

மாத்திரையினும் சொட்டு மேலானது ஏன்?

காது வலி என்றவுடன் ஊசியோ மாத்திரையோ வேண்டுமென நோயாளி கேட்பது இயல்பு. சொட்டு மருந்தை எளியதென்றும் ஊசியை வலியதென்றும் எண்ணும் மனப்பான்மையே இதற்குக் காரணம். கணக்கோ இதற்கு மாறாக உள்ளது. 0.3 சதவீத ஆஃப்லாக்சசின் சொட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம், அதாவது 3,000 மைக்ரோகிராம் மருந்து உள்ளது. அதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால், இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராமே சேருகிறது. நோயுற்ற தோலின்மீது நேராகப் படியும் சொட்டின் செறிவு இதைவிடப் பல நூறு மடங்கு அதிகம். மாத்திரை அளவிற்குப் பணியாத கிருமியும் இச்செறிவின் முன் நிலைக்க இயலாது போவதுண்டு. மாத்திரையால் வரும் வயிற்றுப்போக்கு முதலிய தொல்லைகளும் இதில் இல்லை.

2010இல் காக்ரேன் அமைப்பு, அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. சிக்கலற்ற புறச்செவி அழற்சிக்குச் சொட்டு மருந்து மட்டுமே போதுமானது என்பது அதன் முடிவு. அவ்வாராய்ச்சியில் மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. வினிகரின் சாரமான அசிட்டிக் அமிலச் சொட்டு, முதல் வாரத்தில் ஆண்டிபயாடிக் சொட்டுக்கு ஏறத்தாழ இணையாகவே பயனளிக்கிறது. அதற்கு மேல் நீளும் நோயில்தான் பின்தங்குகிறது. காதின் இயல்பான புளிப்புத் தன்மையை அது மீட்டுத் தருவதே இதற்குக் காரணம். ஆயினும் வீட்டு வினிகரைக் காதில் ஊற்றலாம் என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மருந்தாகச் செய்யப்படுவது அளவறிந்து நீர்த்தது. அதுவும் பழுதற்ற செவிப்பறை உள்ள காதிற்கே உரியது.

அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் கழகம் 2006இல் வெளியிட்டு 2014இல் திருத்திய நெறிமுறைகளும் இதையே கூறுகின்றன. நோய் குழலுக்கு வெளியே பரவினாலோ, நோயாளி நீரிழிவு போன்ற குறையுடையவராயினோ அன்றி, மாத்திரையாக ஆண்டிபயாடிக் கொடுத்தல் தேவையில்லை.

செவிப்பறையில் துளை இருந்தால்

காதிலிருந்து கசிவு வருவதெல்லாம் புறச்செவி நோயன்று. நம் நாட்டில் இது குறிப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது. நடுச்செவியில் நீடித்துச் சீழ் வடியும் நோய் மிகுதியாகவுள்ள நாடுகளின் வரிசையில் உலக சுகாதார நிறுவனம் 2004ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியாவைச் சேர்த்தது. இந்நோயில் செவிப்பறையில் துளை விழுந்திருக்கும். அக்காதில் விடும் சொட்டு துளை வழியே நடுச்செவிக்குச் சென்று, அங்கிருந்து மெல்லிய சவ்வொன்றின் ஊடாக உட்செவியை அடையக்கூடும்.

உட்செவியில் நத்தை ஓட்டைப்போல் சுருண்ட உறுப்பினுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றுபவை இவையே. பிறக்கும் போது உள்ள இவ்வணுக்கள் அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் வளர்வதில்லை. ஸ்ட்ரெப்டோமைசின், நியோமைசின், ஜென்டாமைசின் ஆகியவை அடங்கிய அமினோகிளைக்கோசைடு வகை மருந்துகள் இவ்வணுக்களுக்கு நஞ்சாக அமையும் இயல்புடையவை. இத்தீங்கு சொட்டு விட்ட ஒவ்வொருவருக்கும் நேர்வதன்று. சீழ் மிகுந்திருக்கும் போது சவ்வு தடித்திருப்பதால் மருந்து எளிதில் ஊடுருவுவதில்லை. சீழ் நின்று காது உலர்ந்த பின்னரும், ‘இன்னும் சில நாள் இருக்கட்டும்’ என்று சொட்டைத் தொடர்வதே பெரும் அபாயம். தாய் வழியாக வரும் ஒருவகைப் பாரம்பரிய மாற்றம் உடையவர்களுக்கு இவ்வகை மருந்துகள் சிறு அளவிலும் தீங்கு செய்யக்கூடும். எனவே தாயின் உறவினருள் ஊசி மருந்துக்குப் பின் செவிடானவர் எவரேனும் உண்டா என வினவி, விடையை மருத்துவருக்குத் தெரிவிப்பது நன்று.

காதினுள் பார்க்கும் கருவியால் செவிப்பறையைக் காண்பதே இதனை அறியும் சரியான வழி. அக்கருவி ஊழியரிடம் இல்லாத இடத்திலும் சில குறிகள் துணை செய்யும். காது மடலை மெல்ல இழுத்தாலோ, துளையின் முன்புறம் துருத்தி நிற்கும் சிறு மேட்டை அழுத்தினாலோ வலி மிகுமாயின் புறச்செவி நோய் எனக் கருத இடமுண்டு. கசிவும் அதில் குறைவாகவே இருக்கும். மாறாக, சளியைப்போல் நூலாக நீளும் கசிவு நடுச்செவியிலிருந்தே வருகிறது. ஏனெனில் புறச்செவியின் தோலில் சளிச் சுரப்பிகள் இல்லை. சளி, காய்ச்சலுக்குப் பின் தோன்றிய காது வலி சீழ் ஒழுகியதும் தணிந்ததாகத் தாய் கூறினாலும், மடலை இழுத்தால் வலியில்லாமல் அடிக்கடி சீழ் வடிந்தாலும், முன்னர் விட்ட சொட்டின் கசப்புத் தொண்டையில் தெரிந்ததாக நோயாளி சொன்னாலும், செவிப்பறையில் துளை உண்டெனக் கொள்ள வேண்டும். அத்தகையோருக்கு ஊழியர் தாமாகச் சொட்டு எதுவும் விடாமல் மருத்துவரிடம் அனுப்புதல் கடமை.

காளான் நோயில் ஆண்டிபயாடிக் பயனற்றது

வலியைக் காட்டிலும் அரிப்பு மிகுந்திருந்தால் காளானை ஐயுற வேண்டும். காதினுள் நனைந்த செய்தித்தாளைப்போல் சாம்பல் நிறப் பொருள் அடைத்து, அதன்மேல் கரும்புள்ளிகள் தெரிவது அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற காளானின் அடையாளம். ஆண்டிபயாடிக் சொட்டு இதனை அழிப்பதில்லை. அது போட்டிக்கு நின்ற பாக்டீரியாவை மட்டும் நீக்கிக் காளான் தழைக்க இடந்தருகிறது. பல வாரங்கள் சொட்டு விட்டும் தீராத காதில் பிற்பாடு காளான் காணப்படுவது இதனாலேயே. எண்ணெய் விடும் பழக்கமும் காதின் ஈரத்தைக் காத்து இந்நோய்க்குத் துணைபோகிறது.

1954இல் புனாவுக்கு அருகே பிம்ப்ரியில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில், காளானை எதிர்க்கும் ஹாமைசின் என்ற மருந்தை எம். ஜே. திருமலாச்சார் முதலிய விஞ்ஞானிகள் கண்டறிந்தது இந்திய விஞ்ஞான வரலாற்றில் நினைவுகூரத்தக்கது. இன்று காதின் காளான் நோய்க்குப் பெரும்பாலும் குளோட்ரிமசோல் பயன்படுகிறது. எம்மருந்தாயினும், அடைத்துள்ள பொருளை மருத்துவர் அகற்றிய பின்னரே அது பயன்தரும்.

சொட்டு விடும் முறை

மருத்துவர் எழுதிய மருந்தும் முறை தவறினால் வீணாகும். தாய்மார்களுக்குக் கற்பிக்க வேண்டிய முறை பின்வருமாறு:

(1) கைகளைக் கழுவிய பின், புட்டியை ஓரிரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்து உடல் வெப்பத்திற்குக் கொணர வேண்டும். குளிர்ந்த சொட்டு உட்செவியைத் தாக்கித் தலைசுற்றலை உண்டாக்கும்.

(2) காதின் வாயிலில் உள்ள கசிவைச் சுத்தமான பஞ்சினால் ஒற்றி எடுக்க வேண்டும், உள்ளே குடையலாகாது. கசிவு நிறைந்த காதில் மருந்து தோலை எட்டுவதில்லையாதலால், ஆழ்ந்த பகுதியைச் சுத்தம் செய்வதை மருத்துவரிடம் விட வேண்டும்.

(3) நோயாளியை, நோயுற்ற காது மேல்நோக்கி இருக்குமாறு ஒருபுறமாகப் படுக்க வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாகவும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாகவும் இழுத்தால் வளைந்த குழல் நேராகும்.

(4) எழுதப்பட்ட அளவு சொட்டுகளைக் குழலின் சுவரோரமாக விட்டு, துளையின் முன்னுள்ள மேட்டை மெல்லப் பலமுறை அழுத்தி விட வேண்டும். அடைபட்ட காற்று வெளியேறி மருந்து உள்ளிறங்கும். மூன்று முதல் ஐந்து நிமிஷம் அந்நிலையிலேயே படுத்திருத்தல் வேண்டும்.

(5) வீக்கத்தால் குழல் அடைத்துச் சொட்டு வெளியே வழிந்தால், மருத்துவர் சிறு திரியொன்றை உள்ளே வைப்பார். மருந்தைத் திரியின்மீது விட்டால் அது உறிஞ்சி உட்கொண்டு செல்லும்.

(6) வலி இரண்டு மூன்று நாளில் தணிந்தாலும் குறித்த நாள் வரை, பொதுவாக ஏழு நாளாவது, தொடர வேண்டும். குறித்த நாளுக்கு மேல் தாமாக நீட்டிக்கலாகாது. எஞ்சிய மருந்தைப் பிறருக்குக் கொடுப்பதும் அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்பதும் தவறு.

சிகிச்சை முடியும் வரை காதில் நீர் புகலாகாது. குளிக்கும் போது வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயிலில் வைத்துக் குளித்த பின் எடுத்துவிட வேண்டும். சொட்டு விட்ட பின் சிவப்பும் அரிப்பும் மடல் வரை பரவினால் மருந்து ஒவ்வாமை என ஐயுறல் வேண்டும். நியோமைசினுக்கு இது நேர்வதுண்டு. மருந்தை நிறுத்தி மருத்துவரை அணுகுதலே தக்கது.

தாமதியாது அனுப்ப வேண்டியோர்

நீரிழிவு நோயுள்ள முதியவர் காது வலி என்று வந்தால் அதனைச் சாதாரணமாகக் கருதலாகாது. 1968இல் சாண்ட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த கொடிய வகையில், சூடோமோனாஸ் தோலைக் கடந்து மண்டையோட்டின் அடி எலும்பை அரிக்கிறது. இரவில் உறங்கவொட்டாத வலி, நாட்கள் கடந்தும் குறையாத கசிவு, முகத்தின் ஒருபக்கம் செயலிழத்தல் ஆகியவை இதன் குறிகள். இவர்களுக்குச் சொட்டு மட்டும் போதாது. மருத்துவமனையில் பல வாரச் சிகிச்சை தேவைப்படும். நீரிழிவு மிகுந்துவரும் இக்காலத்தில் இது கிராமங்களிலும் எதிர்பார்க்க வேண்டியதே. இவர்களது காதில் நீர் பீய்ச்சிக் குறும்பி எடுப்பதும் அபாயமானது.

காய்ச்சலுடன் காதின் பின்புறம் வீங்கி மடல் முன்தள்ளியிருக்கும் குழந்தை, தலைசுற்றலோ திடீர்ச் செவிட்டுத்தன்மையோ கண்டவர், மூன்று நாள் சிகிச்சைக்குப் பின்னும் வலி குறையாதவர் ஆகியோரையும் அன்றே அனுப்ப வேண்டும்.

பள்ளியில் செய்யக்கூடியது

அழைத்தால் திரும்பாத சிறுவன், எப்பொழுதும் ஒரு காதையே திருப்பிக் கேட்கும் சிறுமி, சொல்லெழுத்தில் ஒத்த ஒலிகளை மாற்றி எழுதும் குழந்தை ஆகியோர் மந்தபுத்தியினர் என்றோ கவனமற்றவர் என்றோ தண்டிக்கப்படுவதுண்டு. காதில் பஞ்சு வைத்து வரும் குழந்தையும், அருகில் சென்றால் துர்நாற்றம் வீசும் காதுடைய குழந்தையும் வகுப்பில் எளிதில் அடையாளம் காணத்தக்கவர்கள். இத்தகைய குழந்தையை முன்வரிசையில் அமர்த்திப் பெற்றோரை அழைத்துப் பேசுதல் ஆசிரியரால் இயலும். 2007இல் தொடங்கப்பட்ட தேசியச் செவிட்டுத் தடுப்புத் திட்டமும் இவ்வாறு ஆரம்ப நிலையில் கண்டறிதலையே தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது.

குளித்து எழுந்தபின் தலையை இருபுறமும் சாய்த்து நீரை வெளியேற்றி, மடலையும் வாயிலையும் துணியால் துடைத்தல். காதில் குச்சியோ எண்ணெயோ இடாதிருத்தல். கலங்கித் தேங்கிய நீரில் மூழ்காதிருத்தல் ஆகிய பழக்கங்களைச் சுகாதாரப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கலாம். இவற்றுக்குச் செலவில்லை.

சொட்டு மருந்துப் புட்டியுடன் வரும் தாயிடம் ஊழியர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: ‘இக்காதில் முன்பு சீழ் வடிந்ததுண்டா? இம்மருந்தை எழுதியவர் யார்? அவர் காதினுள் பார்த்தாரா?’ இவற்றுக்குத் தக்க விடை கிடைக்காவிடில், புட்டியைத் திறவாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். அதனால் சிகிச்சை ஒரு நாள் தாமதமாகலாம். ஆனால் அக்குழந்தையின் செவிப்புலன் காக்கப்படும்.